செம்பனைக் காட்டில் பரிணாமம்

1981 பிப்ரவரியில் மலேசியாவின் ஜோகூர் மாநிலத்தின் குளுவாங் மாவட்டத்தில், ஒரு செம்பனைத் தோட்டத்துக்குள் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த கூன்வண்டுகளைத் திறந்துவிட்டார்கள். நான்கு மில்லிமீட்டருக்கு மேல் வளராத கரும்பழுப்பு வண்டுகள் அவை. பாலோவும் இதே மாவட்டத்தில்தான் இருக்கிறது. ரயில் பாதையை ஒட்டி எழுந்த சிற்றூர் அது. ஒரு காலத்தில் அதைச் சுற்றி ரப்பர் நின்றது, இன்று பெரும்பாலும் செம்பனை நிற்கிறது. மூன்று நான்கு தலைமுறைகளாகத் தமிழர்கள் அந்தத் தோட்டங்களில் பால் வெட்டியும் குலை அறுத்தும் மருந்தடித்தும் வாழ்ந்திருக்கிறார்கள். பரிணாமத்தை ஏற்பதா வேண்டாமா என்ற கேள்வியை அந்த வண்டுகளிடமிருந்து தொடங்குவதே சரி என்று எனக்குப் படுகிறது. உயிர்களுக்கு வரலாறு உண்டு என்பதை எடுத்துக்கொண்டால் என்ன கிடைக்கிறது என்பதை அவ்வளவு தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி இந்த வட்டாரத்தில் வேறில்லை.

செம்பனையின் தாயகம் மேற்கு ஆப்பிரிக்கா. 1848இல் ஜாவாவின் போகோர் தாவரவியல் தோட்டத்துக்கு நான்கு கன்றுகள் வந்து சேர்ந்தன. தென்கிழக்காசியாவின் பழைய செம்பனைத் தோட்டங்களில் பெரும்பாலானவற்றுக்கு மூதாய் அந்த நான்கு மரங்களே. ஒரே மரத்தில் ஆண் பூங்கொத்தும் பெண் பூங்கொத்தும் வெவ்வேறு காலத்தில் வருவதால், ஒரு மரத்தின் மகரந்தம் இன்னொரு மரத்துக்குப் போயாக வேண்டும். காற்று அதைச் செய்துவிடும் என்றே நெடுங்காலம் நிபுணர்கள் நம்பினார்கள். ஆனால் இங்கே காய்ப்பிடிப்பு குறைவாகவே இருந்தது. இளம் மரங்களுக்கு ஆள் வைத்து, மகரந்தத்தை முகப்பவுடர் போன்ற வெண்தூளோடு கலந்து, பூங்கொத்து பூங்கொத்தாகத் தூவ வேண்டியிருந்தது. பூ விரியும் நாள் தவறினால் குலை போயிற்று. முள் கிழிக்கும் வேலை அது, நாள் முழுக்க நடந்துகொண்டே இருக்க வேண்டும்.

யூனிலீவர் நிறுவனத்தின் லெஸ்லி டேவிட்சன் கேமரூனில் தோட்ட அதிகாரியாக இருந்தவர். அங்கே யாரும் மகரந்தம் தூவாமலே குலைகள் நிறைந்து காய்த்ததையும் ஆண் பூக்களில் வண்டுகள் மொய்த்ததையும் பார்த்திருந்தார். பிறகு சபாவுக்கு வந்தபோது இங்கு அந்த வண்டு இல்லாததைக் கவனித்தார். அவருடைய ஐயத்தைப் பூச்சியியலாளர் ரஹ்மான் சையது கேமரூனிலேயே போய் ஆராய்ந்து உறுதிசெய்தார். வேலையைச் செய்தது காற்றன்று, இலேயிடோபியஸ் கேமரூனிக்கஸ் என்ற கூன்வண்டு.

அந்த உறவின் நுட்பம் வியப்பூட்டுவது. ஆண் பூ சோம்பு மணம் வீசி வண்டை அழைக்கிறது. வண்டு அங்கேயே தின்று, அங்கேயே முட்டையிடுகிறது. வாடிய ஆண் பூக்களைத் தின்று புழுக்கள் வளர்கின்றன. பெண் பூவில் வண்டுக்குத் தீனி எதுவும் இல்லை. ஆனாலும் அதே சோம்பு மணத்தை அவ்வப்போது வீசுகிறது. மணத்தை நம்பி வந்த வண்டு ஏமாந்து திரும்பும்போது, உடலில் ஒட்டிய மகரந்தத்தை விட்டுவிட்டுப் போகிறது. மரம் இல்லாமல் வண்டுக்கு வாழ்வில்லை, வண்டு இல்லாமல் மரத்துக்குச் சரியான காய்ப்பில்லை. இத்தகைய பிணைப்பு ஒரு நாளில் அமைவதில்லை. எண்ணற்ற தலைமுறைகளாக ஒன்றின் பிழைப்பு மற்றதன் பிழைப்பை வடித்துக்கொண்டே வந்ததன் விளைவு இது. மரத்தை மட்டும் கப்பலேற்றியபோது, அந்த வரலாற்றின் பாதி ஆப்பிரிக்காவிலேயே நின்றுவிட்டது.

வேறு பயிர்களை இந்த வண்டு தாக்குமா என்று சோதித்து, தனிமைப்படுத்தி வளர்த்து, அதன் பிறகே குளுவாங்கில் விட்டார்கள். விரைவிலேயே தீபகற்பம் முழுக்கப் பரவியது. கையால் மகரந்தம் தூவும் வேலை மறைந்தது. இன்று பாலோவைச் சுற்றி அறுபடும் ஒவ்வொரு குலையிலும் அந்த வண்டின் வேலை இருக்கிறது.

சையது டார்வினை மேற்கோள் காட்டித்தான் இதைச் செய்தார் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் ‘இந்த மரத்தின் துணை எங்கே இருக்கும்?’ என்று கேட்டு, ‘மரம் பிறந்த மண்ணில்தான்’ என்று தேடிப்போவதற்குள், உயிர்கள் ஓர் இடத்தில் ஒன்றையொன்று சார்ந்து உருவாகி வந்தவை என்ற எண்ணம் அடங்கியிருக்கிறது. அந்த வண்டு வேறு செடிகளை நாடாது என்று எதிர்பார்த்ததற்கும் அதுவே அடிப்படை. அந்த எதிர்பார்ப்பும் பொய்க்கவில்லை.

மரமும் வண்டும் பிணைந்தது தொலைவில், நெடுங்காலத்தில் நடந்தது. கண்ணெதிரே நடந்ததும் உண்டு. தோட்டத்தில் மருந்தடிக்கும் பெண்களுக்குச் சம்பாவ் புல்லைத் தெரியும். பாதையோரம், மரத்தடி, லயத்து வாசல் என்று எங்கும் தரையோடு படர்ந்து, பிடுங்கினால் கையை அறுக்கும் புல். கேழ்வரகின் நெருங்கிய காட்டு உறவு அது. இரண்டின் கதிரையும் பக்கத்தில் வைத்தால் விரல் விரித்தது போன்ற அமைப்பு ஒன்றாகவே தெரியும். இந்தப் புல்லைக் கொல்லக் கிளைபோசேட் என்ற களைக்கொல்லியை ஆண்டுக்குப் பல முறை அடித்தார்கள். 1997இல் பேராவின் தெலுக் இந்தானில் அந்த மருந்துக்குச் சாகாத சம்பாவ் புல் கண்டறியப்பட்டது. அதைப் பற்றிய முதல் அறிக்கை 2000இல் வெளியானது. சில ஆண்டுகளில், பாலோவுக்குத் தொலைவில் இல்லாத சாஆ போன்ற இடங்களின் புல்லும் எதிர்ப்பாற்றல் பெற்றவற்றின் பட்டியலில் சேர்ந்தது.

எப்படிச் சாகாமல் போனது? கிளைபோசேட் செடியின் ஒரு நொதியில் போய் ஒட்டிக்கொண்டு அதை முடக்கும் மருந்து. சாகாத புல்லில் அந்த நொதியின் 106ஆவது இடத்தில் இருக்க வேண்டிய புரோலின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதிலாகச் செரின் இருந்தது. அந்த ஒரு மாற்றத்தால் மருந்தின் பிடி தளர்ந்தது. 2015இல் வெளியான ஆய்வு இன்னும் கூர்மையானது. மலேசியாவில் எடுத்த சம்பாவ் புல்லில் இன்னொரு மாற்றம், 102ஆவது இடத்தில், முதல் மாற்றத்தின்மேல் சேர்ந்திருந்தது. இரண்டும் கூடிய புல்லுக்கு மருந்து ஏறக்குறைய ஒரு பொருட்டே இல்லை. களைக்கொல்லியைத் தாங்கும் மக்காச்சோளத்தை ஆக்க விரும்பிய பொறியாளர்கள் ஆய்வுக்கூடத்தில் திட்டமிட்டு வைத்த இணையும் இதே இரண்டு மாற்றங்கள்தாம். எந்தத் திட்டமும் இல்லாமல், ஒரு புல் செம்பனை நிழலில் அதே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

இங்கே பொதுவாக நேரும் ஒரு பிழையைத் திருத்த வேண்டும். ‘மருந்துக்குப் புல் பழகிப்போச்சு’ என்று தோட்டத்தில் சொல்வார்கள். எந்த ஒரு புல்லும் பழகவில்லை. மருந்து படும் முன்பே கோடிக்கணக்கான விதைகளில் எங்கோ ஒன்றில் அந்த மரபணு எழுத்துப்பிழை தற்செயலாக நேர்ந்திருந்தது. மருந்து மற்றவற்றைக் கொன்று அதற்கு இடம் ஒதுக்கிக் கொடுத்தது. அடுத்த பருவத்தில் முளைத்தவை அதன் பிள்ளைகள். மாறியது தனிப் புல் அன்று, புல்லின் கூட்டம். இந்த வேறுபாடு பிடிபட்டால் பரிணாமத்தில் பாதி பிடிபட்டது.

‘சரி, புல் புல்லாகத்தானே இருக்கிறது? குரங்கு மனிதனாவது எப்படி?’ என்று அடுத்துக் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். இதற்கு விடை ஒரே ஒரு சான்றில் இல்லை. தனித்தனியே கிடைத்த பல சான்றுகள் ஒரே திசையைக் காட்டுவதில் இருக்கிறது. இரண்டை மட்டும் சொல்கிறேன்.

பெரும்பாலான பாலூட்டிகள் வைட்டமின் சி-யைத் தாமே உடலில் ஆக்கிக்கொள்கின்றன. நாம் கொய்யாவும் எலுமிச்சையும் தின்றாக வேண்டும். காரணம், அதை ஆக்கும் வேலையின் கடைசிப் படிக்குரிய மரபணு நம்மிடம் உடைந்து கிடக்கிறது. அழிந்துபோகவில்லை, உடைந்த நிலையில் இன்னும் இருக்கிறது. சிம்பன்சியிடமும் குரங்குகளிடமும் அதே மரபணு உடைந்தே இருக்கிறது, உடைந்த விதமும் பெரிதும் ஒத்துப்போகிறது. கினிப் பன்றியிடமும் உடைந்திருக்கிறது, ஆனால் வேறு விதமாக. தனித்தனியே படைக்கப்பட்ட உயிர்களில் ஒரே பழுது ஒரே விதமாக ஏன் இருக்க வேண்டும்? பொதுவான மூதாதையிடம் அது ஒரு முறை உடைந்தது, பிள்ளைகள் எல்லாரும் அதைப் பெற்றார்கள் என்றால் கேள்வி தீர்ந்துவிடுகிறது.

இரண்டாவது சான்று மலேசியக் காட்டோரம் வேலை செய்கிறவர்களுக்கு நேரடியாகப் படும். 2018 முதல் மனிதருக்கே உரிய மலேரியா வகைகள் இந்த நாட்டில் உள்ளூரில் பரவியதாகப் பதிவில்லை. ஆனாலும் மலேரியா நோயாளிகள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் வருகிறார்கள். அவர்களைத் தாக்குவது பிளாஸ்மோடியம் நோலசி, குரங்குகளின் மலேரியா. இயற்கையாக மனிதருக்கு அது தொற்றியது முதன்முதலில் 1965இல் பகாங்கில் தெரியவந்தது. 1971இல் ஜோகூரிலும் அப்படி ஒன்று இருக்கலாம் என்ற அறிக்கை வந்தது. சரவாக்கின் காப்பிட்டில் பால்பிர் சிங்கும் ஜேனட் காக்ஸ்-சிங்கும் 2004இல் வெளியிட்ட ஆய்வுதான் இது அரிதான விபத்தன்று, பரவலான நோய் என்று காட்டியது. நீள்வால் குரங்கின் ரத்தத்தில் வாழும் கிருமி நம் சிவப்பணுவுக்குள் எப்படி நுழைகிறது? சிவப்பணுவின் மேலுள்ள டஃபி என்ற புரதத்தைப் பற்றிக்கொண்டு நுழைகிறது என்று 1975இல் கண்டார்கள். அந்தப் புரதம் குரங்குக்கும் நமக்கும் பொது. மேற்கு ஆப்பிரிக்கரில் பெரும்பாலோரின் சிவப்பணுவில் அது இல்லை, ஆகவே அவர்களின் அணுக்களுக்குள் அந்தக் கிருமியால் நுழைய முடிவதில்லை. காட்டோரத் தோட்டத்தில் கொசு கடிக்கும்போது குரங்குக்கும் நமக்குமுள்ள உறவைக் கிருமி நன்றாகவே பயன்படுத்திக்கொள்கிறது.

குரங்கு மனிதனாகவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். இன்றைய குரங்கு நமக்குப் பாட்டனில்லை, வெகுதூரத்துப் பங்காளி. பங்காளி இன்னும் உயிரோடு இருப்பது, நமக்குப் பொதுப் பாட்டன் இருந்ததற்கு மறுப்பாகாது.

ஆகவே ஏற்பதா என்ற கேள்விக்கு என் பதில் நேரானது: ஏற்க வேண்டும். யாரோ பெரியவர் சொன்னார் என்பதற்காகவோ, படித்தவராகத் தெரிய வேண்டும் என்பதற்காகவோ இல்லை. புல்லிலும் வண்டிலும் ரத்தத்திலும் பரிணாமம் கணித்தது கணித்தபடி கிடைப்பதற்காக.

பிறகு நம்பிக்கை என்னாவது? இந்த இடத்தில் தமிழர்களிடையே ஒரு குறுக்கு வழி பழக்கமாகிவிட்டது. ‘இதெல்லாம் நம் முன்னோர்கள் அப்போதே சொல்லிவிட்டார்கள்’ என்பார்கள். மீன், ஆமை, பன்றி, நரசிம்மம், வாமனம் என்று தசாவதாரமே பரிணாம வரிசை என்பார்கள். சிவபுராணத்தில் மாணிக்கவாசகர் புல்லிலிருந்து பிறவிகளை அடுக்குவதையும், தொல்காப்பியத்தின் மரபியல் ஓரறிவு முதல் ஆறறிவு வரை உயிர்களை வகுப்பதையும் சேர்த்துக்கொள்வார்கள். தோட்டத்துக் கோயில் மண்டபச் சொற்பொழிவுகளில் இது நிறைய கைதட்டல் வாங்கும் பகுதி. அன்போடு சொல்லப்படுவது, ஆனால் சரியில்லை.

தசாவதாரத்தைப் பரிணாமத்தோடு இணைக்கும் பேச்சு பழைய உரைகளிலிருந்து வந்ததன்று. பிரம்மஞான சபையை நிறுவியவர்களுள் ஒருவரான பிளாவட்ஸ்கி அம்மையார் 1877இல் வெளியிட்ட ‘ஐசிஸ் அன்வெய்ல்ட்’ நூலில் தெளிவாகக் காணப்படுவது. அதாவது டார்வினுக்குப் பிறகு, டார்வினைப் பார்த்து எழுந்த விளக்கம். வாமனருக்குப் பின் பரசுராமர், இராமர், கிருஷ்ணர் என்று வரிசை போகும்போது இணைப்பு அங்கேயே அறுந்துவிடுகிறது. மாணிக்கவாசகரின் வரிசை ஒரே ஓர் உயிர் பிறவி பிறவியாக அலைந்து இளைத்த கதை. அது முடியுமிடம் விடுதலை வேண்டும் முறையீடு. பரிணாமத்தில் எந்த உயிரும் ஏணியேறுவதில்லை, கூட்டங்கள் மாறுகின்றன, முடிவிடம் என்று ஒன்றுமில்லை. திருவாசகத்தை உயிரியல் குறிப்பாகப் படிப்பவர் அந்த முறையீட்டின் வலியைத் தவறவிடுகிறார். தொல்காப்பியரின் வகுப்பு கூர்மையான கவனிப்பு, ஐயமில்லை. எறும்பையும் நண்டையும் தும்பியையும் பார்த்து, புலனுணர்வைக் கொண்டு பிரித்தவர் உண்மையான அவதானி. ஆனால் அவர் உயிர்களை வகைப்படுத்தினார், அவை எப்படி வந்தன என்று சொல்லவில்லை. அவருக்குரிய பெருமை அதுவாகவே போதும்.

அறிவியலின் சான்றிதழ் வாங்கித்தான் பக்தி நிற்க வேண்டும் என்று நினைப்பது பக்தியின் மேலுள்ள நம்பிக்கைக் குறைவு. நாளை அறிவியல் தன் கருத்தைத் திருத்திக்கொண்டால், அந்தச் சான்றிதழை நம்பி நின்ற பக்தியும் சரியும்.

நம்பிக்கையும் பரிணாமமும் ஒரே நெஞ்சில் இருந்ததற்குச் சான்று ஜோகூர் மண்ணிலேயே கால் பதித்திருக்கிறது. 1854இல் இயற்கையியலாளர் ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ் மலாக்காவிலிருந்து புறப்பட்டு குனோங் லேடாங் மலையில் ஏறினார். 1,276 மீட்டர் உயரமுள்ள அந்த மலை ஜோகூரின் வடமேற்கு மூலையில் நிற்கிறது. அங்கே அவர் பூச்சிகளையும் பறவைகளையும் சேகரித்தார். நான்கு ஆண்டுகள் கழித்து, கிழக்கே மொலுக்காஸ் தீவுகளிலிருந்து அவர் டார்வினுக்கு அனுப்பிய கட்டுரையில் இயற்கைத் தேர்வு என்ற கருத்து முழுமையாக இருந்தது. 1858 ஜூலை 1 அன்று லண்டன் லின்னேயன் சங்கத்தில் இருவர் எழுத்தும் சேர்த்து வாசிக்கப்பட்டது. அதே வாலஸ் பிற்காலத்தில் ஆவியுலக நம்பிக்கையாளரானார். மனித மனத்தை இயற்கைத் தேர்வு மட்டும் ஆக்கியிருக்க முடியாது, உயர்ந்த அறிவொன்று வழிநடத்தியிருக்க வேண்டும் என்று 1869இல் எழுதினார். டார்வின் அந்தப் பக்கத்தின் ஓரத்தில் மறுப்பை அழுத்தமாகக் குறித்துவைத்தார். ஆனாலும் இருவரின் நட்பு முறியவில்லை. அதே ஆண்டு வெளியான ‘மலாய்த் தீவுக்கூட்டம்’ நூலை வாலஸ் டார்வினுக்கே காணிக்கையாக்கினார்.

இதில் நான் டார்வின் பக்கம். மனத்தை மட்டும் விதிவிலக்காக்க வாலஸிடம் வலுவான சான்றில்லை. ஆனால் அவரிடமிருந்து ஒன்று கற்கலாம்: வண்டுகளையும் பட்டாம்பூச்சிகளையும் பற்றி எழுதும்போது அவர் ஆவிகளைச் சான்றுக்கு அழைக்கவில்லை. மரபியலாளர் தியோடோசியஸ் டோப்ஷான்ஸ்கியும் நம்பிக்கையாளர்தான், ஆர்த்தடாக்ஸ் கிறித்தவர். பரிணாமத்தின் வெளிச்சத்தில் பார்த்தால்தான் உயிரியலில் எதற்கும் பொருளுண்டு என்று 1973இல் வாதிட்டவர் அவரே. கத்தோலிக்கத் திருச்சபையும் 1950இலேயே இந்த ஆராய்ச்சிக்குக் கதவைத் திறந்தது. 1996இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், பரிணாமம் வெறும் ஊகத்தைவிட மேலானது என்று ஏற்றார். ‘எப்படி வந்தோம்?’ என்பதைச் சான்றால் தேடலாம். ‘எதற்காக வாழ்கிறோம், இறந்தவரை எங்கே வைத்து நினைப்பது?’ என்ற கேள்விகளை நுண்ணோக்கியால் தேட முடியாது. ஆனால் ஒரு சமயம் முதல் வகைக் கேள்விக்கும் தானே இறுதி விடை என்று நின்றால், அப்போது மோதல் உண்மையானது. அதை மறைத்து எல்லாம் சமாதானம் என்று சொல்லவும் மாட்டேன்.

பள்ளிக்கூடம் இந்த மோதலுக்குப் பயந்து ஒதுங்கும்போது இழப்பு பிள்ளைகளுக்கு. மலேசியாவின் ஐந்தாம் படிவ உயிரியலில் மரபுரிமைக்கு ஓர் அலகு, மாறுபாட்டுக்கு ஓர் அலகு உண்டு. பரிணாமத்துக்கென்று அலகு இல்லை. எஸ்டிபிஎம் என்ற பல்கலைக்கழக முன்படிப்புத் தேர்வில் உயிரியல் எடுக்கும் சிலருக்குத்தான் தேர்வும் புதிய இனத் தோற்றமும் பாடமாகக் கிடைக்கின்றன. இந்தியாவில் 2018இல் மத்திய இணை அமைச்சராக இருந்த சத்யபால் சிங், குரங்கு மனிதனானதை முன்னோர் யாரும் பார்த்ததில்லை, டார்வின் சொன்னது தவறு என்றார். நாட்டின் மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து மறுத்தன. பிறகு மத்திய அரசின் பாடநூல் அமைப்பான என்சிஇஆர்டியின் பத்தாம் வகுப்பு நூலிலிருந்து பரிணாமப் பகுதியே நீக்கப்பட்டது. 2023 ஏப்ரலில் 1,800க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் எதிர்ப்புக் கடிதத்தில் கையெழுத்திட்டார்கள். தமிழ்நாட்டின் பத்தாம் வகுப்பு நூலில் உயிரின் தோற்றமும் பரிணாமமும் தனிப் பாடமாகவே இருக்கிறது. அதில் எனக்கு உண்மையான பெருமை உண்டு.

பரிணாமத்தைச் சந்தேகிக்க நம்மவர்களுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது, அதை மதிக்க வேண்டும். ‘வலியது வாழும்’ என்ற முழக்கத்தை வைத்து இனங்களை மேல் கீழாக அடுக்கிய காலத்தில்தான் நம் மூதாதையர் கப்பலேறினார்கள். தமிழன் இயல்பாகவே அடங்கி நடப்பவன், ஆகவே தோட்டத்துக்கு ஏற்றவன் என்று துரைமார் எழுதிவைத்தார்கள். அது பரிணாமம் அன்று, கூலியைக் குறைக்கும் கணக்கு. மனிதரிடையே உள்ள மரபணு வேறுபாட்டில் பெரும்பங்கு ஒவ்வோர் இனக்குழுவுக்குள்ளேயே இருக்கிறது, இனங்களுக்கிடையே இருப்பது சிறு பங்கு. அந்த அடுக்கைக் கலைத்ததும் இதே அறிவியல்தான்.

இதற்கெல்லாம் நடைமுறையில் ஒரு முகம் உண்டு. 2016 முதல் மலேசியப் பள்ளிகளில் நான்காம் படிவ மாணவர்களுக்குத் தலசீமியா என்ற பரம்பரை ரத்தநோய்க்கான பரிசோதனை செய்கிறார்கள். பதினாறு வயதுப் பிள்ளைக்கு ரத்தம் எடுத்து, அந்த நோய்க்குரிய மரபணுக் கூறு இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். தாய் தந்தை இருவரிடமும் ஒரே வகைக் கூறு இருந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு கடுமையான நோய். ரத்தம் ஏற்றிக்கொண்டே வாழ வேண்டியிருக்கும். இவ்வளவு தீங்கான ஒன்று ஏன் மறையவில்லை? 1949இல் மரபியலாளர் ஜே.பி.எஸ். ஹால்டேன் இதற்கு விளக்கம் தந்தார்: ஒரு பிரதி மட்டும் உள்ளவரை மலேரியா எளிதில் கொல்ல முடியவில்லை, ஆகவே மலேரியா நிலங்களில் அந்தக் கூறு நிலைத்தது. பிற்கால ஆய்வுகள் அதை வலுப்படுத்தின.

பரிசோதனையில் கூறு தெரிந்த பிள்ளையின் வீட்டில் ‘யார் செய்த பாவமோ’, ‘எந்த வழிச் சாபமோ’ என்ற பேச்சு எழலாம். பெண் பிள்ளையானால் கல்யாணத்தைப் பற்றிய கவலை முதலில் வரும், விஷயத்தை மூடிவைப்பதும் நடக்கும். மூடிவைத்தால் அந்தப் பரிசோதனையே வீண். மலேரியாவில் சாகாமல் பிழைத்த ஒரு மூதாதையிடமிருந்து வந்த கூறு இது, யாருடைய குற்றமும் இல்லை என்று அந்தப் பிள்ளைக்கும் அம்மாவுக்கும் சொல்ல முடிகிறது என்றால், அது பரிணாமத்தால்தான். அதைக் கேட்ட பிறகும் அந்த அம்மா மாரியம்மனுக்கு நேர்ந்துகொள்ளலாம், அதற்குத் தடையில்லை. ஆனால் ரத்தம் எடுக்கும் அதே பள்ளியில், அதே வாரத்தில், ஓர் ஆசிரியர் முக்கால் மணி நேரம் ஒதுக்கி இந்தக் கதையைச் சொல்லலாம். சம்பாவ் புல்லையும் செம்பனை வண்டையும் அன்றாடம் பார்க்கும் பாலோ மாணவருக்கு அது புரியும்.